பட்டியலில் இல்லாத டவர்

விமான நிலையத்தில் அவரை எல்லோரும் 'ஸ்கேல்' என்றுதான் கூப்பிட்டார்கள். முகத்துக்கு நேரே ஸ்கேல் சார், முதுகுக்குப் பின்னால் வெறும் ஸ்கேல். ஆள் ஒல்லியாக, விறைப்பாக நடப்பதால் வந்த பெயர் என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அதுவும் பொருத்தம்தான், ஆனால் பெயர் வந்த வழி வேறு. ஓடுதளத்தைச் சுற்றி நாற்பது கிலோமீட்டருக்குள் உயரமாக நிற்கிற எதைக் கேட்டாலும், மாடிக் கட்டடமோ புகைபோக்கியோ தண்ணீர்த் தொட்டியோ, எத்தனை அடி என்று பைலைத் திறக்காமல் சொல்லிவிடுவார்.

அதுதான் அவருடைய வேலை. விமானம் மோதக்கூடிய உயரமான பொருட்களுக்கெல்லாம் ஒரு பட்டியல் உண்டு. எது, எங்கே, எத்தனை அடி, உச்சியில் சிவப்பு விளக்கு இருக்கிறதா இல்லையா என்று அதில் இருக்கும். நானூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். இருபத்தாறு வருஷமாக அந்தப் பட்டியல் அவர் கையில்தான் வளர்ந்தது. அவர் ஏற்றியதுதான் மாடியில் இருக்கிற கட்டுப்பாட்டு அறையின் கம்ப்யூட்டருக்குப் போகும். ஏதாவது விமானம் தாழ்ந்து, எதிரே உயரமான ஒன்று இருந்தால், ரேடார் திரையில் சிவப்பு எழுத்து மின்னி மணி அடிக்கும். ஆனால் அந்த மணிக்குக் கண் கிடையாது. பட்டியலில் என்ன இருக்கிறதோ, அது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

"மேல இருக்கறவங்க எல்லாரும் என் கண்ணாலதான்பா பாக்கறாங்க" என்று டீ குடிக்கும்போது சொல்வார். கொஞ்சம் அலட்டல்தான். இருந்தாலும் யாரும் மறுத்துப் பேசியதில்லை.

மேலே இருப்பவர்களில் ஒருத்தி அவருடைய தங்கை மகள். வயது முப்பத்தொன்று ஆகியும் வீட்டில் அவள் பாப்பாதான். படிப்பில் கெட்டிக்காரி, தானாகவே பரீட்சை எழுதி, தானாகவே தேறி, விமானங்களுக்கு வழிசொல்கிற கண்ட்ரோலராக வந்து உட்கார்ந்தாள். ஆனால் "நான்தான் அப்ளிகேஷன் பாரம் வாங்கிக் கொடுத்தேன்" என்று ஸ்கேல் சொல்லாத ஆள் கிடையாது. அலுவலகப் படியில் அவள் "மாமா!" என்று சத்தமாகக் கூப்பிடுவாள். "ஆபீஸ்ல என்ன மாமா மச்சான்னு" என்று சிடுசிடுப்பார். உள்ளுக்குள் குளிர்ந்துபோவார்.

வீட்டில் அவரும் மனைவியும் மட்டும். மனைவி பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்த்தாள். பஸ்ஸில் போகும்போது அவளுக்கு ஒரு விளையாட்டு. ஜன்னல் வழியாக எதையாவது காட்டி, "இது எத்தனை?" என்பாள். அவர் சொல்வார். "நீங்க என்னத்தைச் சொன்னாலும் நான் நம்பித்தானே ஆகணும், நானா ஏறிப் பாக்கப் போறேன்?" என்பாள். அக்கம்பக்கத்து சீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் அக்காவை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, ஊருக்கு மேற்கே இருக்கிற குன்றின் மேல் ஒரு செல்போன் டவர் நின்றது. முந்தைய முறை போனபோது அங்கே மொட்டைப் பாறைதான் இருந்தது.

"இது எத்தனை?" என்றாள்.

கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "முன்னூத்தி முப்பது."

"புதுசா?"

"புதுசுதான். ஒரு கடுதாசிகூட போடாம நட்டுட்டானுங்க பாரு. நாளைக்கே எழுதிக்கணும்."

மறுநாள் எழுதவில்லை. அன்று காலையில்தான் புது மென்பொருள் போடுகிறவர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பழைய பட்டியல் முழுவதையும் ஒவ்வொன்றாகப் புதியதில் ஏற்ற வேண்டும், அவரே ஏற்ற வேண்டும் என்றார்கள். இருபத்தாறு வருஷம் பழகிய ஆளுக்குச் சின்னப் பசங்க வந்து மவுஸ் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது பொறுக்கவில்லை. மூன்று வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நானூற்றுப் பன்னிரண்டையும் ஏற்றி முடித்தார். நானூற்றுப் பதிமூன்றாவது அவர் மண்டையில் எங்கேயோ ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது.

ஆறு மாதம் கழித்து வருஷாந்தரச் சோதனை வந்தது. மூன்று நாள் ஜீப்பில் சுற்றி, கருவி வைத்து அளந்து, பட்டியலோடு ஒத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். முதல் நாள் ஜீப் கிடைக்கவில்லை. இரண்டாம் நாள் மழை. மூன்றாம் நாள் ஜீப்பும் இருந்தது, வானமும் வெளுத்திருந்தது. அவர் போகவில்லை. எல்லாம் தலைக்குள் இருக்கும்போது எதற்கு வெயிலில் போய் முட்டிக்கொள்வது என்று தோன்றியது. மேஜையில் உட்கார்ந்தபடியே எழுதினார்: 'நேரில் சரிபார்க்கப்பட்டது. மாற்றம் இல்லை.' கீழே தேதி, கையெழுத்து. உண்மையைச் சொன்னால், அதற்கு முந்தைய வருஷமும் அவர் போகவில்லை.

அதற்கு எட்டு மாதம் கழித்து ஒரு பிற்பகல், மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு சின்ன ஆம்புலன்ஸ் விமானம் மேற்குப் பக்கமாக வந்தது. உள்ளே இதயம் பழுதான ஒரு நோயாளி, ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு பைலட். கட்டுப்பாட்டு அறையில் பாப்பா இருந்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரம் அடி வரை இறங்கலாம் என்று சொன்னாள். அது சரியான உயரம்தான். சொல்லிவிட்டு, மழைக்குப் பயந்து திரும்பிப் போகிற வேறு இரண்டு பெரிய விமானங்களைக் கவனித்தாள். அந்த நேரம் பார்த்து, குன்றுப் பக்கம் அடித்த காற்று சின்ன விமானத்தைக் கீழே அமுக்கியது. ஆயிரத்து இருநூற்று ஐம்பது அடிக்கு வந்துவிட்டது. குன்றும் டவரும் சேர்ந்து ஆயிரத்து இருநூற்று முப்பது. மேகம் கிழிந்த ஒரு நொடியில் மூக்குக்கு நேரே சிவப்பு விளக்கைப் பார்த்த பைலட், விமானத்தை ஒருக்களித்துத் திருப்பி மேலே இழுத்தார். நோயாளியின் மூச்சுக் குழாயைச் சரிசெய்ய பெல்ட்டை அவிழ்த்திருந்த நர்ஸ், கூரையில் மோதித் தோள் அடிபடக் கீழே விழுந்தாள்.

மணி அடிக்கவே இல்லை.

யாரும் சாகவில்லை. நோயாளி பிழைத்தார். நர்ஸுக்குத் தோள்பட்டை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. பாப்பாவை அன்றைக்கே நாற்காலியிலிருந்து எழுப்பி, விசாரணை முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

ஸ்கேலுக்குச் செய்தி கீழே டீ மேஜையில் கிடைத்தது. "மேற்குக் குன்றுல ஏதோ டவராம் சார், நம்ம லிஸ்ட்ல இருக்கா?" என்று பக்கத்து மேஜைக்காரர் கேட்டார். ஸ்கேலுக்கு முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து போய்ப் பட்டியலைத் திறந்தார், இல்லை என்று தெரிந்தும். குன்றின் பெயருக்கு நேரே வெறும் பாறையின் உயரம் மட்டும் இருந்தது.

அன்று மாலை தங்கை வீட்டுக்குப் போனார். பாப்பா கூடத்தில் தரையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் உடைந்துவிட்டாள்.

"பன்னெண்டு செகண்ட் மாமா. பன்னெண்டு செகண்ட் அந்த விமானத்தைப் பாக்காம விட்டுட்டேன். அது கீழ போறதை நான் பாத்திருக்கணும்."

"விடு பாப்பா. காத்து அடிச்சா நீ என்ன செய்வ?"

"மணியாவது அடிச்சிருக்கும்ல? அது ஏன் மாமா அடிக்கல?"

பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். "மெஷின்தானே, சில நேரம் அப்படித்தான்" என்றார். தங்கை காபி கொண்டுவந்து வைத்து, "நீ வந்ததே தெம்பா இருக்குண்ணா" என்றாள். அந்தக் காபியைக் குடித்து முடிப்பதற்குள் அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

விசாரணைக்கு வெளியிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற பெண்மணி. மூன்றாம் நாள் ஸ்கேலைக் கூப்பிட்டார்.

"இந்த டவர் பத்தி உங்களுக்கு அறிவிப்பு ஏதாவது வந்துச்சா?"

"இல்லைங்க மேடம். ஒரு கடிதம்கூட வரல."

அது உண்மை. அந்த உண்மையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம். அதிகாரி இன்னொன்று கேட்டார்.

"எட்டு மாசம் முன்னாடி நேர்ல போய்ச் சரிபார்த்ததா கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அப்ப குன்று மேல எதுவும் இல்லையா?"

"இல்லைங்க. வெறும் பாறைதான் இருந்துச்சு."

வாய் கூசாமல் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் கூசியது. அதிகாரி குறித்துக்கொண்டார். அந்த ஒரு வரியால் டவர் அண்மையில் முளைத்ததாகிவிட்டது. பட்டியல் சுத்தம், பட்டியல்காரரும் சுத்தம். கடைசியில் மிஞ்சியது பன்னிரண்டு விநாடி வேறு பக்கம் பார்த்த ஒரு பெண் மட்டும். இது அவருக்குப் படி இறங்கும்போதே புரிந்தது. புரிந்தும் திரும்பி ஏறவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம், நடந்ததை ஒன்றுமில்லாதது போலச் சொன்னார். "கேட்டாங்க, அப்ப அங்க எதுவும் இல்லைன்னு சொன்னேன். அவ்வளவுதான்."

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. கடைசித் துணியையும் மடித்து அலமாரியில் வைத்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"முன்னூத்தி முப்பதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவர் சட்டைப் பட்டனைக் கழற்றத் தொடங்கினார்.

"அக்காவைப் பாத்துட்டு வந்த அன்னிக்கு. பஸ்ல. அக்கா போயே வருஷம் ஆச்சு."

"ஞாபகம் இல்ல."

"எனக்கு இருக்கு" என்றாள். அதோடு விட்டுவிட்டாள். சண்டை போட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் எப்போதும் போல் தட்டு வைத்தாள், எப்போதும் போல் விளக்கை அணைத்தாள். ஆனால் மறு வாரம் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் பக்கம் கை நீட்டவில்லை. மடியில் பையை வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஏழெட்டு உயரமான கட்டடங்கள் கடந்து போயின. அவரால் தலை நிமிர முடியவில்லை.

அலுவலகத்தில் இன்னும் மோசம். "அந்தப் பொண்ணு போன்ல வாட்ஸ்அப் பாத்துக்கிட்டிருந்துச்சாம்" என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். கட்டுப்பாட்டு அறைக்குள் போனைக் கொண்டுபோகவே முடியாது என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் பேசினார்கள். ஸ்கேல் அதைக் கேட்டபோது, "அப்படியெல்லாம் இருக்காது" என்று மட்டும் சொன்னார். சொன்ன குரல் அவருக்கே கேட்கவில்லை.

சம்பவம் நடந்து பதினோராம் நாள், டவர் கம்பெனியின் ஆவணங்கள் மறுநாள் வந்து சேரும் என்று அலுவலகத்தில் பேச்சு வந்தது. எந்தத் தேதியில் நட்டார்கள் என்பது அதில் இருக்கும். ஸ்கேல் மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் எழுந்து, விசாரணை அதிகாரியின் அறைக் கதவைத் தட்டினார். மனசாட்சி உறுத்திப் போனாரா, குட்டு உடையப் போகிறது என்று பயந்து போனாரா என்று பிற்பாடு எத்தனையோ தடவை தன்னையே கேட்டுக்கொண்டார். விடை கிடைக்கவில்லை. ஆவணம் வராது என்று தெரிந்திருந்தால் போயிருப்பாரா என்ற கேள்விக்கு மட்டும், போயிருக்க மாட்டேன் என்றுதான் தோன்றியது. அது இன்னும் அசிங்கமாக இருந்தது.

"அன்னிக்கு நான் சொன்னது பொய்ங்க மேடம்" என்று நின்றுகொண்டே ஆரம்பித்தார். "நான் நேர்ல போகல. அதுக்கு முந்தின வருஷமும் போகல. அந்த டவரை நான் பாத்தேன். பதினாலு மாசம் முன்னாடி, பஸ்ல போகும்போது. உயரம்கூடச் சொன்னேன். எழுத மறந்துட்டேன்."

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். "உக்காருங்க."

"நிக்கிறேங்க."

"உக்காருங்க சார். எழுதணும், நேரமாகும்."

மூன்று மணி நேரம் ஆனது. அதிகாரி திட்டவில்லை, உபதேசமும் செய்யவில்லை. ஒவ்வொரு வருஷமாகக் கேட்டார். நடுவில் ஒரு முறை மட்டும், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அந்த டவர் உங்க லிஸ்ட்ல இருந்திருந்தா பைலட் விளக்கைப் பாக்கறதுக்கு இருபத்திரண்டு செகண்ட் முன்னாடியே மணி அடிச்சிருக்கும். கணக்குப் போட்டுப் பாத்தோம்" என்றார். இருபத்திரண்டு. பாப்பா தன் பன்னிரண்டுக்காகப் பதினோரு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

அங்கிருந்து நேராகத் தங்கை வீட்டுக்குப் போனார். அடுத்தவர் வாயால் அவள் கேட்கக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருந்தார். தங்கை சமையலறையில் இருந்தாள். பாப்பா கதவைத் திறந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடிக்கும் வரை அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மெஷின்தானே, சில நேரம் அப்படித்தான்னு சொன்னீங்க."

"ஆமா."

"லிஸ்ட்ல இல்லாதது கூடப் பரவாயில்ல மாமா. நானும் பன்னெண்டு செகண்ட் பாக்காமத்தான் விட்டேன். யாருக்கும் நடக்கும். விசாரணையில பொய் சொன்னது, சரி, பயம். ஆனா நான் அழுதப்ப பக்கத்துல உக்காந்து தலையைத் தடவிக் கொடுத்தீங்க பாருங்க..." புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "எப்படி மாமா முடிஞ்சுது?"

உள்ளேயிருந்து தங்கை, "யாரு, அண்ணனா? உள்ள வரச் சொல்லு, சாப்பிட்டுப் போகட்டும்" என்று குரல் கொடுத்தாள். பாப்பா உள்ளே போனாள். கதவு திறந்தே கிடந்தது. அவர் அப்படியே படியிறங்கினார்.

அன்று வீட்டில் மனைவியிடம், "சொல்லிட்டேன்" என்றார்.

"பாப்பாகிட்ட?"

"அவகிட்டயும்."

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். அவர் இல்லையென்று தலையாட்டினார். தட்டு வைத்தாள்.

பாப்பாவை இரண்டு வாரத்தில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஒரு சோதனை வைத்துத் தேறியதும் பழைய நாற்காலியில் உட்கார்ந்தாள். ஸ்கேலிடமிருந்து பட்டியலைப் பிடுங்கிவிட்டார்கள். வேலையை விட்டு நீக்கவில்லை, பதவியில் இறக்கிக் கிடங்குப் பொறுப்பில் போட்டார்கள். நீக்கியிருந்தால் கிளம்பி வேறு ஊர்ப் பக்கம் போயிருப்பார். இப்போது தினமும் அதே படியில், அதே முகங்களுக்கு நடுவே கூனிக் குறுகி நடக்க வேண்டியிருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் டீ மேஜையில் அவர் வந்து உட்கார்ந்தால் பேச்சு மழை, பஸ், தலைவலி என்று மாறிவிடும். ஸ்கேல் என்று கூப்பிடுவதையும் எப்போதோ நிறுத்திவிட்டார்கள். அண்ணே என்றார்கள், சார் என்றார்கள். பாப்பா படியில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி வழிவிடுவாள். "வரேன் மாமா" என்பாள், வேகமாக. அவ்வளவுதான்.

புது ஆட்கள் மூவர் ஜீப்பில் இரண்டு வாரம் சுற்றிவிட்டு வந்தார்கள். பட்டியலில் இல்லாதவை பதினேழு. இடிக்கப்பட்டும் பட்டியலில் நின்றுகொண்டிருந்தவை ஒன்பது. அந்த ஒன்பதில் ஒரு மில் புகைபோக்கியும் உண்டு. அதன் உயரத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அது விழுந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. தலைக்குள் எல்லாம் இருக்கிறது என்று அவர் நினைத்த ஊர், வெளியே அப்படி இல்லை. அறிக்கையின் அந்தப் பக்கத்தைக் கிடங்கில் தனியாக உட்கார்ந்து படித்தார். படித்துவிட்டு மடித்து வைக்கத் தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

நர்ஸைப் போய்ப் பார்க்க அவருக்கு நான்கு மாதம் ஆனது. இரண்டு தடவை ஆஸ்பத்திரி வாசல் வரை போய்த் திரும்பினார். மூன்றாவது தடவை, கைப் பயிற்சி கொடுக்கிற பிரிவில் அவள் இருப்பதாகச் சொன்னார்கள். நாற்பது வயதிருக்கும். சுவரில் வரிசையாக எண்கள் ஒட்டியிருந்த ஒரு பலகையில், அடிபட்ட கையின் விரல்களை மெல்ல மெல்ல மேலேற்றிக்கொண்டிருந்தாள். கை தோள் உயரத்துக்கு மேல் போகவில்லை. முகம் வேர்த்திருந்தது. பயிற்சி முடியும் வரை ஓரமாக நின்றார்.

"யாருங்க? என்ன வேணும்?"

தான் யார் என்று சொன்னார். டவரைச் சொன்னார், கையெழுத்தைச் சொன்னார், பொய்யையும் சொன்னார். பஸ்ஸைப் பற்றியும் விடவில்லை. அவள் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"இதெல்லாம் எனக்கு எழுத்துல வந்துச்சு" என்றாள் கடைசியில். "நீங்க எதுக்கு வந்தீங்க?"

"மன்னிப்பு கேக்கணும்னு..."

"கேட்டுட்டீங்க. நானும் கேட்டுக்கிட்டேன். மன்னிச்சிட்டேன்னு சொல்லிச் சிரிச்சு அனுப்பற அளவுக்கு எனக்கு இன்னும் வலி குறையல. குறைஞ்சா பாக்கலாம்."

"சரிங்க" என்றார். திரும்பினார்.

"ஒரு நிமிஷம்" என்றாள். "வந்ததுதான் வந்தீங்க, அந்த மேல் தட்டுல என் பை இருக்கு. எடுத்துக் கொடுத்துட்டுப் போங்க. யாரோ கொண்டுபோய் அங்க வெச்சுட்டாங்க, எனக்கு எட்ட மாட்டேங்குது."

நுனிக்காலில் எம்பிப் பையை எடுத்தார். அவள் நல்ல கையை நீட்டினாள். அவர் நிமிர்ந்து பார்க்காமல் பையின் வாரை அவள் விரல்களில் மாட்டிவிட்டார்.